அத்தானுக்குச் செய்த ரவைகள்

தொள்ளாயிரம் மீற்றருக்கு அப்பால் நிற்கிற இலக்கைச் சுட வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சுடத் தெரியாது. மற்றப் பாதியில் பெரும்பாலானோருக்குச் சுடத் தெரியும், வாயை மூடத் தெரியாது. ரொறன்ரோவிலிருந்து வடக்கே இரண்டு மணிநேரம் கார் ஓடிப் போய், பத்துக் கோடைகாலமாக இந்தக் கூட்டத்தோடு புல்லில் குப்புறப் படுத்து எழும்பியவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

எங்கள் சனத்துக்கு நான் செய்வது விளங்காது. கலியாண வீடுகளில் யாராவது பிடித்துக் கேட்பார்கள். "துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள். நீர் என்ன, துவக்கை வேண்டி வைச்சுச் சுடுறீர்?" நல்ல கேள்விதான். ஆனால் கேட்டவர் பதிலுக்கு நிற்க மாட்டார், ரோல்ஸ் தட்டு வருகிற பக்கம் போய்விடுவார். அதனால் நானும் இன்றுவரை பதில் தேடவில்லை.

ரவை என்பது நாலு சாமான். பித்தளைக் கோது, அதன் அடியில் பொறி தட்டுகிற பிறைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் பறந்துபோகிற சன்னம். கடையில் செய்த ரவை விற்கிறார்கள். அதில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் மருந்து ஒரு துளி கூடிக் குறையும். கிட்டத்தில் அது தெரியாது. தொள்ளாயிரம் மீற்றரில் சன்னம் ஒரு முழம் மேலேயோ கீழேயோ போகும். அதனால்தான் போட்டிக்காரர் தங்கள் ரவையைத் தாங்களே வீட்டில் இருந்து செய்கிறார்கள். காற்று சன்னத்தை இடம் வலமாகத் தள்ளும், மருந்து அதை மேலே கீழே கொண்டுபோகும். இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் மிச்சம் எல்லாம் பொறுமை. ஆனால் பொறுமையைக் கடையில் விற்பதில்லை, ஆகவே இவர்களிடம் அது இல்லை.

'எந்த ரவை நல்லது?' என்பதுதான் இவர்களுடைய சமயம். ஒரு பிரிவு மக்னம்காரர். கோது பெரிது, மருந்து கூட, உதை கழுதை உதை. இரண்டு தரம் சுட்டதும் தோள் கன்றிப்போகும், மூன்றாம் தரம் ரிகர் விசையைத் தொடுமுன்பே கண்ணை மூடிவிடுவார்கள். பிறகு எழும்பி வந்து காற்றைக் குறை சொல்வார்கள். இன்னொரு பிரிவு ஆறரை மில்லிமீற்றர்காரர். எல்லாரும் வைத்திருக்கிறார்கள் என்பதற்காகவே வைத்திருக்கிறவர்கள். கேட்டால், இந்தச் சன்னம் மெலிந்து நீண்டது, காற்றுக்கு அசையாது என்பார்கள். அசையும், கொஞ்சம் குறைவாக அசையும். அந்தக் கொஞ்சத்தை நம்பிக் காற்றுக் கொடிகளைப் பார்க்காமலே படுத்திருப்பார்கள்.

இன்னும் ஒரு கூட்டம் உண்டு. நூறு மீற்றரில் மூன்று வெடி வைத்து, மூன்று ஓட்டையும் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் அதைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறவர்கள். சேராத மற்ற ஆறு கடதாசியும் குப்பைக்குள் கிடக்கும். அதிர்ஷ்டத்தைப் படம் பிடித்துவிட்டு அதற்குச் சோதனை என்று பெயர் வைக்கிற இந்த ஆட்களைக் கண்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

நான் வைத்திருந்தது முந்நூற்றி எட்டு என்கிற வகை. பழைய ரவை, காற்றில் நன்றாக அலையும். அதற்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். வசதி குறைந்த ரவையோடு வசதிக்காரருக்குப் பக்கத்தில் புள்ளி எடுப்பதில் எனக்கு ஒரு திமிர். அது திமிர்தான் என்று எனக்கு அப்போதே தெரியும், அதை விடும் உத்தேசம் இருக்கவில்லை. மார்க்கம் நகரத்தில் விமான உதிரிப்பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிறது என் வேலை. தலைமயிரின் பத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் சிவப்பு ஸ்ரிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவேன். வேலை முடிந்து வெளியே வந்த பிறகும் அந்த ஸ்ரிக்கர் கட்டு என் சட்டைப் பையிலேயே இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மனிதர்களுக்கும் அதையே ஒட்டிக்கொண்டு திரிந்தேன்.

அதிகம் ஒட்டியது அத்தானுக்கு.

அத்தான் என் அக்காவின் கணவர். றிச்மண்ட் ஹில்லில் பெரிய வீடு, வீடு விற்கிற தொழில். தமிழ்க் கடைகள் கொடுக்கிற கலண்டரில் கைகளைக் கட்டிக்கொண்டு, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பாரே, அந்த மாதிரி ஆள். வீடு வாங்க வந்த சனம் பத்திரத்தை நாலாம் பக்கம் வரைக்கும் வாசித்துக்கொண்டு போனால் அவருக்குப் பொறுக்காது. "உதை வாசிச்சுக்கொண்டிருந்தால் வீடு போயிடும். சைன் பண்ணுங்கோ" என்பார். அவர் எதையும் வாசித்து நான் கண்டதில்லை. சாப்பாட்டுக் கடையில் மெனுவைக்கூடத் திறக்காமல் பக்கத்து மேசையைக் காட்டித்தான் ஓடர் கொடுப்பார்.

என் வீட்டு அலுமாரியில் இருந்த இரண்டு பதக்கங்கள் அவர் கண்ணில் பட்டதுதான் வினை. துவக்கு வைத்திருப்பதற்கான வகுப்புக்குப் போனார், லைசன்ஸ் எடுத்தார், பிறகு எனக்குப் போன் அடித்தார்.

"தம்பி, எது திறமான ரவை?"

"என்ன செய்யப்போறியள் எண்டதைப் பொறுத்தது, அத்தான்."

"வெல்லப்போறன்."

ஒரு மணிநேரம் விளக்கினேன். உதை எவ்வளவு, குழாய் எத்தனை ஆயிரம் வெடிக்குத் தாங்கும், எந்தப் பிரிவில் எதற்கு இடம், புதிதாகப் பழகுகிறவனுக்கு ஏன் முந்நூற்றி எட்டு நல்லது. இடையில் "ஓம், ஓம்" என்றார். அவர் பக்கத்தில் ரீவி ஓடுகிற சத்தமும் கேட்டது. அடுத்த சனிக்கிழமை போய் ஆறரை மில்லிமீற்றர் வாங்கிக்கொண்டு வந்தார். கடைக்காரர் சொன்னாராம், இப்போது எல்லாரும் அதுதான் எடுக்கிறார்களாம். நான் மனதுக்குள் ஸ்ரிக்கர் ஒட்டிவிட்டேன்.

ஒரு கோடை முழுக்கக் கடை ரவையால் சுட்டார். பட்டியலின் அடியில் இரண்டு மூன்று பெயர்களுக்கு மேலே அவர் பெயர் ஏறவே இல்லை. காற்றைப் பார்க்கத் தெரியாது என்பதுதான் காரணம். அவர் கண்டுபிடித்த காரணம் வேறு. ரவையை நானே வீட்டில் செய்வதில்தான் விஷயம் இருக்கிறது என்று முடிவு கட்டினார். தானே என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டு அக்காவை ஏவினார்.

இந்த விளையாட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. இன்னொருவன் செய்த ரவையைச் சுடக் கூடாது, உன் ரவையை இன்னொருவனுக்குக் கொடுக்கவும் கூடாது. மருந்து பிழைத்தால் வெடிப்பது முகத்துக்கு ஒரு சாண் தள்ளி. உன் பிழையை உன் கண்ணே தாங்கட்டும் என்பதுதான் இதன் பொருள். வாயாடிகள்கூட இதில் விளையாட மாட்டார்கள். ஆனால் இதை என் அக்காவுக்கு விளங்கப்படுத்த முடியுமா?

"கறி சமைச்சால் ஒரு சட்டி குடுத்து விடுறேல்லையே. அதுமாதிரித்தானே. அவருக்கும் ஒரு பெட்டி செய்து குடன்" என்றாள்.

"அக்கா, உது கறி இல்லை. பிழைச்சால் ஆளுக்குக் கண் போயிடும்."

"நீ பிழைக்க விடுவியே?"

பிழைக்க விடமாட்டேன் என்றால் செய்து கொடுக்க வேண்டும். விட்டாலும் விடுவேன் என்று சொல்ல என் நாக்கு எழும்பவில்லை. செய்து கொடுத்தேன்.

முதல் தடவை ஒழுங்காகத்தான் செய்தேன். வசந்தத்தில் இரண்டு கிழமை அவருடைய துவக்கை என் பேஸ்மென்ற் அலுமாரியில் பூட்டி வைத்திருந்தேன். மருந்தைப் படிப்படியாகக் கூட்டிப் பார்த்து, ஒவ்வொரு படியிலும் சுட்டு, வேகம் அளந்து, ஏற்ற இறக்கம் குறைந்த இடத்தைப் பிடித்தேன். அந்த ரவையால் தொள்ளாயிரம் மீற்றரில் அவருடைய குறிக்கண்ணாடியைச் சரிப்படுத்தியும் கொடுத்தேன். அடுத்த போட்டியில் பட்டியலின் நடுவுக்கு வந்தார். வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஏழு பேருக்கு போன் அடித்துத் தன் மூச்சுக் கட்டுப்பாட்டைப் பற்றிச் சொன்னாராம். ரவையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இரண்டாவது தடவைக்கு எனக்குப் பஞ்சியாக, சோம்பலாக இருந்தது. என்னுடைய முந்நூற்றி எட்டுக்கு நான் போடுவது கொஞ்சம் வேகமாக எரிகிற மருந்து. அவருடைய ஆறரைக்கு மெதுவாக எரிகிற மருந்து, அதுவும் அளவு கூட. இரண்டும் பார்வைக்கு ஒன்று. பென்சில் முனையை நறுக்கிப் போட்டதுபோல் சின்னச் சின்னக் கறுப்புக் குச்சிகள். மெதுவான மருந்தின் அளவில் வேகமானது கோதுக்குள் போனால் துவக்கே பிளக்கும். அதனால்தான் மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்துப் போத்தல்தான் இருக்கலாம் என்று என் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒருநாள் ஒரு மருந்து, அடுத்தது அடுத்த நாள். பத்து வருடமாகத் தவறியதில்லை.

போட்டிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னுடைய ரவைகளைச் செய்து முடித்தேன். அவருடையதைத் திங்கட்கிழமை செய்திருக்கலாம். நேரம் இருந்தது. ஆனால் அத்தானுடைய ரவைக்குத் தனியாக ஒரு நாளா என்று நினைத்தேன். இதே சொற்களில் நினைத்தேன், ஞாபகம் இருக்கிறது. அவருடைய போத்தலையும் எடுத்து வந்து மேசையில் வைத்து மூடியைத் திறந்தேன். அந்த நேரம் அவரே போன் அடித்தார். ஸ்பீக்கரில் போட்டேன். தூரத்தைப் பார்க்கப் புதிதாக ஒரு கண்ணாடி வாங்கிய கதை. அவர் சொல்கிற ஒவ்வொன்றிலும் பிழை கண்டுபிடித்தபடி, அளக்கிற மெசினில் மிஞ்சியிருந்த என் மருந்தைக் கவிழ்த்துப் போத்தலுக்குள் ஊற்றினேன். எந்தப் போத்தல் என்று அப்போது பார்க்கவில்லை. பிறகு அவருடைய போத்தலிலிருந்து மெசினை நிரப்பி, ஐம்பது ரவை செய்து, ஐந்து வரிசையாகப் பெட்டியில் அடுக்கினேன். முதலில் செய்தவைதான் எப்போதும் திறம் என்பது என் நம்பிக்கை, அப்போது கை களைத்திருக்காது. பெட்டி மூடியின் உள்பக்கம் முதல் வரிசைக்கு நேரே அம்புக்குறி போட்டு, 'இங்கிருந்து தொடங்கவும்' என்று தமிழில் எழுதி விட்டேன்.

போட்டி நாளில் முதல் சுற்றில் அத்தான் சுட்டார், நான் இலக்கடியில் நின்றேன். இலக்குகளுக்குக் கீழே நீளமான கொங்கிரீட் கிடங்கு இருக்கும். பங்கர் என்றால் எங்கள் ஆட்களுக்குச் சட்டென்று விளங்கும். சுடாதவர்கள் முறைவைத்து அதற்குள் நிற்க வேண்டும். சன்னம் தலைக்கு மேலே கடதாசியைத் துளைத்துக்கொண்டு போகும். இலக்கைக் கீழே இழுத்து, ஓட்டையில் ஒரு வில்லையைக் குத்தித் திரும்ப மேலே அனுப்பினால், சுட்டவர் தன் வெடி எங்கே பட்டதென்று அங்கிருந்து பார்ப்பார். அத்தானுடைய பதினாலாம் இலக்கு எனக்கே வந்தது. இரண்டு மணிநேரம் இவருடைய காட்டுச் சூட்டுக்கு வில்லை குத்த வேண்டுமா என்று புறுபுறுத்துக்கொண்டுதான் நின்றேன்.

முதல் வெடி நடுவுக்கு ஒரு சாண் மேலே. இடம் வலமாக நேர். ரிகரைப் பிடித்து இழுத்திருப்பார் என்று நினைத்தேன். இரண்டாவது அதற்கும் ஒரு சாண் மேலே. அப்போதும் நேர். நான் சிரித்தேன், உண்மையாகவே சிரித்தேன். மூன்றாவது கடதாசியின் மேல் விளிம்பில் பட்டது. வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஓட்டையைப் பார்த்தேன். சுடத் தெரியாதவனுடைய வெடி நாலா பக்கமும் சிதறும். இது ஏணி ஏறுவதுபோல் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறியது. மேலே கீழே கொண்டுபோவது மருந்து. அவருக்கு நானே பத்துத் தரம் படிப்பித்த பாடம்.

பேஸ்மென்ற் மேசை கண்ணுக்கு முன்னே வந்தது. திறந்த போத்தல் இரண்டு இருந்தது. மெசினைக் கவிழ்த்த கையும் ஞாபகம் வந்தது. லேபலை வாசித்த ஞாபகம் வரவேயில்லை. வில்லையைக் கீழே போட்டேன்.

வோக்கிரோக்கி கிடங்குக்குப் பொறுப்பானவரிடம்தான் இருந்தது. அவர் ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்கார வாத்தியார். சில வருடங்களுக்கு முன் ஒரு போட்டி தொடங்கும் முன்பு எல்லாருக்கும் முன்னால் எழும்பி நின்று, தான் மருந்து மாற்றிப் போட்டுவிட்டதாகச் சந்தேகம், அன்று சுடப்போவதில்லை என்று சொன்னவர். அந்தக் கதையை நான் எத்தனையோ மத்தியானச் சாப்பாட்டில் நடித்துக் காட்டியிருக்கிறேன். அவரிடம் ஓடிப்போய், பதினாலாம் இலக்கை நிறுத்துங்கள், அந்த ரவைகள் நான் செய்தவை, மருந்து பிழைத்துவிட்டது என்றேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. வோக்கிரோக்கியை என் கையில் தராமல் தானே வாயில் வைத்து, நிறுத்தச் சொன்னார். பிறகு என் தோளில் தட்டி, நேரத்துக்குச் சொன்னாய், நல்லது என்றார். அவர் என்னை ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

சுடுவது முழுக்க நின்ற பிறகு, ஒரு பிக்கப்பில் ஏற்றி என்னைச் சுடுகிற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். நாற்பது பேர் எழும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் மக்னம்காரர் இருந்தார்கள், ஆறரைக்காரர் இருந்தார்கள், மூன்று ஓட்டைப் படக்காரரும் இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

அத்தான் பாயில் சம்மணம் கட்டி இருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நாலாவது ரவை துவக்குக்குள் போன பிறகுதான் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள்.

"போல்ற் கொஞ்சம் இறுக்கமாத்தான் இருந்தது. உள்ளங்கையால அடிச்சுத் திறந்தனான்" என்றார்.

"மூண்டு தரமுமோ?"

"மூண்டாம் தரம்தான் நல்லா அடிக்க வேண்டி வந்தது. துவக்குப் புதுசெல்லே."

புதிது என்பதால் அல்ல. உள்ளே எழும்பிய அழுத்தம் கோதைக் குழாயோடு சேர்த்து ஒட்டியிருந்தது, அதனால்தான் கோதை வெளியே இழுக்கிற போல்ற் இறுகியது. அவருடைய முகத்தைப் பார்த்தேன். கலண்டரில் சிரிக்கிற அதே முகம், வெயிலில் சிவந்துபோய், இரண்டு கண்ணோடும் இருந்தது.

"ரவை பிழை அத்தான். என்ர பிழை" என்றேன்.

"பரவாயில்லையடா. இண்டைக்குக் காத்தும் சரியில்லை" என்றார்.

ரவைகளை வரிசை பிசகாமல் ஐந்து பைகளில் போட்டு இலக்கமிட்டேன். வெறும் பெட்டியை அவரே கொண்டுபோனார்.

அடுத்த நாள் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, ரவைகளை ஒவ்வொன்றாகத் தட்டிச் சன்னத்தைக் கழற்றினேன். மருந்தை வெள்ளைக் கடதாசியில் கொட்டி, வேலையில் பாவிக்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். என்னுடைய மருந்தின் குச்சி ஒரு மயிரிழை கட்டை. கண்ணாடிக்குக் கீழே நன்றாகத் தெரிந்தது. அத்தான் மூன்றைச் சுட்ட ஐந்தாம் வரிசையில் அது கொஞ்சம்தான் கலந்திருந்தது. நாலாம் வரிசையில் அதைவிடக் கூட. மூன்றாம் வரிசையில் பாதிக்குப் பாதி. முதல் வரிசைப் பையைத் திறந்து, முதலாவது கோதைக் கொட்டியபோது கட்டைக் குச்சிகளைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. கடைசியாகப் போத்தலுக்குள் ஊற்றியது மேலே கிடந்திருக்கிறது, மேலே கிடந்தது முதலில் வந்திருக்கிறது. நான் அம்புக்குறி போட்ட வரிசை. அதில் ஒன்றைச் சுட்டிருந்தாலும் போதும். அத்தான் பெட்டியை மறுபக்கமாக வைத்துத் திறந்து, கைக்கு எட்டிய பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறார்.

பத்து வருடமாக நான் சேர்த்து வைத்த இளக்காரம் எல்லாம் யாருக்கென்று இப்போது தெரிந்தது. எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது. அந்த நேரம்தான் போன் அடித்தது.

"தம்பி, மன்னிச்சுக்கொள்ளடா" என்றார் அத்தான். "இப்பதான் பெட்டியைத் துடைக்கேக்க பார்க்கிறன். இஞ்சயிருந்து தொடங்கு எண்டு வடிவா எழுதி விட்டிருக்கிறாய். நான் வாசிக்கேல்ல. நீ கஷ்டப்பட்டுச் செய்ததை நான் பழுதாக்கிப்போட்டன். அதுதானே பிழைச்சது?"

பொய் சொல்லியிருக்கலாம். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் அவர் என்றைக்கும் கண்டுபிடித்திருக்க மாட்டார். பட்டியலில் அடியில் வந்ததற்குத் தன்னையே நொந்துகொண்டு, அடுத்த பெட்டியும் என்னிடமே கேட்டிருப்பார்.

"இல்லை அத்தான்" என்றேன். "அதை வாசிச்சிருந்தியள் எண்டால் இண்டைக்கு உங்களுக்குக் கண் இராது. ஆளே இருந்திருக்க மாட்டியளோ தெரியாது."

எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு போத்தலையும், அவருக்கென்று ஒரு நாள் ஒதுக்க மனம் வராததையும் சேர்த்தே சொன்னேன். இந்தத் தடவை அவர் பக்கத்தில் ரீவி ஓடவில்லை.

"அப்ப, வாசிக்காதது நல்லம் எண்டுறாய்" என்றார் அத்தான். "நானும் உதைத்தானே எல்லாருக்கும் சொல்லுறனான்."

"ஓம், அத்தான்" என்றேன்.